மெக்லென்பர்க் முதல் ஓல்டன்பர்க் வரை: வடநாட்டு அரியணைகளில் ஜெர்மன் கோமகன்கள் (விவாத இழை)

கலங்கரை

1364 பிப்ரவரியில் உப்சாலாவுக்கு அருகே மூரா கற்கள் என்னும் இடத்தில் ஸ்வீடன் பிரபுக்கள் கூடி ஒரு புதிய மன்னரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஸ்வீடனில் பிறந்தவர் அல்லர். பால்டிக் கடலின் தென்கரையில் உள்ள மெக்லென்பர்க் கோமகனின் இரண்டாவது மகன். பெயர் ஆல்பிரெக்ட். 25 ஆண்டுகள் அரியணையில் இருந்தார். அந்த ஆட்சியைப் பற்றி வாட்ஸ்டெனா மடத்து நாட்குறிப்பில் ஒரு வரி உண்டு: கொன்றுண்ணிப் பறவைகள் மலையுச்சிகளில் வந்து அமர்ந்தன, ஜெர்மானியர் பல ஆண்டுகள் நாட்டை வதைத்தனர் என்பது அதன் கருத்து. கோட்டைகளைப் பிடித்துக்கொண்ட மெக்லென்பர்க் அதிகாரிகளைத்தான் அது குறிக்கிறது. இந்த ஒரு வரியின் நிழலில்தான் ஆல்பிரெக்டைப் பற்றிய பிற்காலப் பேச்சு முழுவதும் நடந்திருக்கிறது. அந்நியன் வந்தான், கொள்ளையடித்தான், டென்மார்க் அரசி மார்கரெட் வந்து விரட்டினார் என்று கதை முடிந்துவிடுகிறது.

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆல்பிரெக்டின் தாய் யூஃபெமியா, ஸ்வீடன் இளவரசி. ஆல்பிரெக்ட் யாரை இறக்கிவிட்டு அரியணை ஏறினார்? மாக்னுஸ் எரிக்சனை. மாக்னுஸ், யூஃபெமியாவின் உடன்பிறந்த அண்ணன். ஆக, இது படையெடுத்து வந்த அந்நியனின் கதை மட்டும் அல்ல. தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் நடந்த வாரிசுச் சண்டை. அடுத்த ஆண்டே என்கோப்பிங் அருகே நடந்த போரில் மாக்னுஸ் பிடிபட்டு, 1371 வரை மருமகனின் சிறையில் கிடந்தார்.

அந்தத் திருமணம் எப்படி நிச்சயமானது என்பதையும் பாருங்கள். 1321இல் பூஹுஸ் கோட்டையில் ஒப்பந்தம். பெண்ணுக்கு நான்கு வயது, பையனுக்கு மூன்று வயது. பெண்ணின் தாய் இங்கெபோர்க், நார்வே மன்னரின் மகள், இளம் விதவை. டென்மார்க்கிடமிருந்து ஸ்கோனே நிலப்பகுதியைப் பறிக்க அவருக்கு வடஜெர்மன் இளவரசர்களின் படை தேவைப்பட்டது. அதற்கு ஈடாக மகளைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். ஸ்கோனே திட்டம் கைகூடவில்லை. நிச்சயதார்த்தம் மட்டும் நின்றது. 1336இல் ரோஸ்டாக்கில் திருமணம் நடந்தது. அந்த ஒப்பந்தத்தின் விளைவு 43 ஆண்டுகள் கழித்து ஸ்வீடன் மணிமுடியாக வந்து சேர்ந்தது.

ஜெர்மன் கோமகன்களுக்கும் வடநாட்டு அரியணைகளுக்கும் இருந்த இந்த உறவைப் பற்றிப் படித்தவர்கள் எழுதுங்கள். இரத்த உறவுதான் இவர்களை அரசர்களாக்கியது என்பது என் கட்சி.

ஏட்டுச்சுவடி

நண்பரே, தாய்வழி உரிமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உரிமை இருந்தவர்கள் அந்தக் காலத்தில் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். அவர்களில் யாரிடம் கப்பல் இருந்தது, யாரிடம் வெள்ளி இருந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆல்பிரெக்டின் தந்தை, கோமகன் இரண்டாம் ஆல்பிரெக்ட், சாதாரண ஆள் அல்லர். 1348இல் பேரரசர் நான்காம் சார்லஸிடமிருந்து கோமகன் பட்டத்தையே வாங்கியவர். அதுவரை மெக்லென்பர்க் ஆட்சியாளர்கள் வெறும் பிரபுக்கள்தாம். ரோஸ்டாக், விஸ்மார் ஆகிய இரண்டு ஹான்சா (வடஜெர்மன் வணிக நகரங்களின் கூட்டமைப்பு) துறைமுகங்களும் அவருடைய நிலத்தில் இருந்தன. மாக்னுஸால் நாடுகடத்தப்பட்ட ஸ்வீடன் பிரபுக்கள் உதவி கேட்டு வந்தபோது கப்பல்களைத் திரட்டி, 1363 நவம்பரில் மகனை ஸ்டாக்ஹோமில் கொண்டுபோய் இறக்கினார். மூரா கற்களில் நடந்த தேர்தல் அதற்குப் பிறகுதான். படை முதலில், சடங்கு பின்னால்.

மூத்த மகன் ஹைன்ரிக் இருக்க, இரண்டாமவரை ஏன் அனுப்பினார் என்பதையும் யோசியுங்கள். ஹைன்ரிக்கின் மனைவி டென்மார்க் மன்னர் நான்காம் வால்டெமாரின் மூத்த மகள் இங்கெபோர்க். அந்தப் பக்கம் டென்மார்க் அரியணை காத்திருக்கிறது. ஒரு மகனுக்கு ஸ்வீடன், மூத்தவன் வயிற்றுப் பேரனுக்கு டென்மார்க். இந்த மனிதரின் கணக்கு அவ்வளவு பெரியது.

மருதத்துறை

இருவரும் 'ஜெர்மன்' என்று எழுதுகிறீர்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மெக்லென்பர்க் அரச குடும்பத்தின் மூதாதை நிக்லோட், ஓபோத்ரித் என்னும் ஸ்லாவிய இனக்குழுவின் தலைவர். சாக்சனி கோமகன் சிங்க ஹைன்ரிக்கின் படையெடுப்பில் 1160இல் கொல்லப்பட்டவர். அவருடைய மகன் பிரிபிஸ்லாவ் பணிந்து, கிறிஸ்தவத்தை ஏற்று, நிலத்தைத் திரும்பப் பெற்றார். அந்த வழியில் வந்தவர்தான் ஸ்வீடனின் 'ஜெர்மன்' மன்னர். பின்னால் மூன்று நாடுகளுக்கும் மன்னரான எரிக் பிறந்த பொமரேனியாவின் கிரிஃபின் குடும்பமும் ஸ்லாவிய வேர் கொண்டதுதான்.

14ஆம் நூற்றாண்டில் இவர்கள் பேச்சாலும் பழக்கத்தாலும் ஜெர்மானியர்களாகியிருந்தார்கள், சரி. ஆனால் இவர்களை ஒரு இனத்தின் பிரதிநிதிகளாகப் பார்த்து, 'ஜெர்மனி வடக்கை விழுங்கப் பார்த்தது' என்று எழுதுவது 19ஆம் நூற்றாண்டுத் தேசியவாதம் நமக்கு மாட்டிவிட்ட கண்ணாடி. அவர்களுக்குக் குடும்பம் தெரியும், நிலம் தெரியும், கடன் தெரியும். தேசம் தெரியாது.

ஏட்டுச்சுவடி

மருதத்துறை, அரச குடும்பங்களைப் பொறுத்தவரை சரி. நகரத்து மக்களுக்கு வேறுபாடு நன்றாகவே தெரிந்திருந்தது. மாக்னுஸ் எரிக்சன் 1350 வாக்கில் கொண்டுவந்த நகரச் சட்டத்திலேயே, நகர மன்றத்தில் ஜெர்மானியர் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி உண்டு. பாதி வரை இருக்கலாம் என்றால் ஸ்டாக்ஹோமில் அவர்களின் பலம் எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பாதி இடத்தை ஒழித்தது 1471இல்தான். ஆல்பிரெக்டுக்குக் கடைசிவரை துணை நின்றது அந்த நகரம்.

மலையருவி

இழையைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஆனால் தந்தையையும் மகனையும் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். இந்த வரலாற்றில் உரிமையைக் கையில் எடுத்துக்கொண்டு கடல் கடந்து போனவர்கள் பெண்கள். அவர்களை வரிசைப்படுத்தாமல் எதுவும் விளங்காது.

ரூகன் தீவு இளவரசரின் மகள் யூஃபெமியா நார்வே மன்னர் ஐந்தாம் ஹோகோனை மணந்து அரசியானவர். பிரெஞ்சு, ஜெர்மன் வீரக்கதைகள் மூன்றை ஸ்வீடிஷ் செய்யுளில் எழுதச் செய்தவர் இவர்தான். மகள் இங்கெபோர்க்கை ஸ்வீடன் கோமகன் எரிக்குக்கு நிச்சயித்ததையொட்டிச் செய்த வேலை அது. கலங்கரை சொன்ன பூஹுஸ் ஒப்பந்தத்தைச் செய்த இளம் விதவை அந்த மகள்தான். பாட்டியின் பெயரையே பேத்திக்கு வைத்தார்கள். அந்தப் பேத்தி மெக்லென்பர்க்குக்கு வாழ்க்கைப்பட்டார். ரூகனிலிருந்து நார்வேக்குப் போன குடும்பம் மூன்றாம் தலைமுறையில் ரூகனுக்குப் பக்கத்து நிலத்துக்கே திரும்பி வந்தது, கையில் ஸ்வீடன் உரிமையோடு.

இன்னொரு பெண்ணையும் மறக்கக் கூடாது: ஹோல்ஸ்டைன் எலிசபெத். மாக்னுஸின் மகன், நார்வே மன்னர் ஆறாம் ஹோகோனுக்கு நிச்சயிக்கப்பட்டவர். ஸ்வீடன் பிரபுக்களும் ஹோல்ஸ்டைன் கவுன்ட்களும் சேர்ந்து டென்மார்க்குக்கு எதிராகப் பின்னிய கூட்டணி அது. 1362இல் அவர் கப்பலேறினார். கடும் காற்றில் கப்பல் திசைமாறி டென்மார்க் ஆளுகைக்குட்பட்ட கரையில் ஒதுங்க, அங்கேயே அவரைத் தடுத்து வைத்துவிட்டார்கள். அவர் காவலில் இருந்தபோதே, 1363 ஏப்ரலில் கோபன்ஹேகனில் ஹோகோனுக்கு வேறு திருமணம் முடிந்தது. மணப்பெண் வால்டெமாரின் இளைய மகள் மார்கரெட், வயது பத்து.

மாக்னுஸ் தங்களை ஏமாற்றிவிட்டு டென்மார்க்கோடு சேர்ந்துகொண்டார் என்று ஸ்வீடன் பிரபுக்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மெக்லென்பர்க் கப்பல்கள் ஸ்டாக்ஹோமுக்கு வந்தன. ஏட்டுச்சுவடி ஐயா, வெள்ளியும் கப்பலும் எத்தனையோ ஆண்டுகளாக ரோஸ்டாக்கில் இருந்தன. அவை புறப்பட்டது இந்தத் திருமணத்துக்குப் பிறகு.

கலங்கரை

மலையருவி அம்மா, எலிசபெத்தைக் கொண்டுவந்ததற்கு நன்றி. என் கட்சிக்கு அதைவிட வலுவான சான்று இல்லை.

மன்னர் ஆல்பிரெக்டின் வீழ்ச்சியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அவரை மன்னராக்கிய பிரபுக்களே அவரை இறக்கினார்கள். அவர்களில் முதன்மையானவர் பூ யோன்சன். ஸ்வீடன் வரலாற்றில் அரச குடும்பத்துக்கு வெளியே அவரளவுக்கு நிலம் வைத்திருந்தவர் எவரும் இல்லை. மன்னருக்குக் கடன் கொடுத்துக் கோட்டைகளை அடகாக வாங்கி வாங்கியே, ஃபின்லாந்து முழுவதையும் தன் பிடியில் வைத்திருந்தார். 1386இல் அவர் இறந்தார். அந்தச் சொத்து மன்னரின் கைக்கு வரக் கூடாது என்று உயிலிலேயே ஏற்பாடு செய்து, நிர்வகிக்கப் பிரபுக்களை நியமித்திருந்தார். ஆல்பிரெக்ட் விடவில்லை. விதவைக்கும் பிள்ளைகளுக்கும் தானே காப்பாளர் என்று சொல்லிக் கோட்டைகளைக் கேட்டார். உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள் நேராக மார்கரெட்டிடம் போனார்கள். 1388இல் டாலபோர்க் கோட்டையில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

1389 பிப்ரவரி 24. ஃபால்கோப்பிங் அருகே ஓஸ்லே. ஆல்பிரெக்ட் தோற்றார், மகன் எரிக்கோடு பிடிபட்டார். ஸ்கோனேயில் லிண்ட்ஹோல்மென் கோட்டையில் ஆறு ஆண்டுகள் சிறை. 1395இல் விடுதலை ஒப்பந்தம்: மூன்று ஆண்டுகளுக்குள் 60,000 மார்க் வெள்ளி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டாக்ஹோமைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிணையாக நகரத்தை ஏழு ஹான்சா நகரங்கள் பொறுப்பேற்றன: லூபெக், ஸ்ட்ரால்சுண்ட், கிரைஃப்ஸ்வால்ட், தோர்ன், எல்பிங், டான்சிக், ரேவல். பணம் வரவில்லை. 1398இல் அந்த நகரங்கள் ஸ்டாக்ஹோமின் சாவியை மார்கரெட்டிடம் ஒப்படைத்தன.

நாவாய்

அந்த ஆறு ஆண்டுகளில் ஸ்டாக்ஹோம் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்கரெட்டின் படை நகரத்தை முற்றுகையிட்டிருந்தது. சிறையில் இருக்கும் மன்னருக்காக மெக்லென்பர்க் குடும்பம் விஸ்மார், ரோஸ்டாக் துறைமுகங்களைத் திறந்துவிட்டு, டென்மார்க்குக்குக் கேடு செய்ய விரும்புகிற எவரும் இங்கிருந்து கப்பல் எடுத்துப் போகலாம் என்று அறிவித்தது. இப்படித் திரண்டவர்கள்தாம் விட்டாலியர் சகோதரர்கள் எனப்பட்ட கடற்கொள்ளையர். முற்றுகையை உடைத்து நகரத்துக்கு உணவு கொண்டுபோனார்கள். பிறகு பழகிப்போய் எந்தக் கப்பலையும் விடவில்லை; 1394இல் காட்லாந்து தீவையே பிடித்துக்கொண்டார்கள். மன்னரின் மகன் எரிக் 1397இல் இறந்ததும் அந்தத் தீவில்தான். அடுத்த ஆண்டு டியூட்டானிக் வீரசபை என்னும் ஜெர்மன் துறவி-வீரர்களின் அமைப்பு பெரும்படையோடு வந்து அவர்களை விரட்டியது.

இந்தக் கோமகன்கள் அரியணைக்காக எடுத்த முடிவு பால்டிக் மீனவனையும் வணிகனையும் எந்த அளவுக்கு வாட்டியது என்பதை நாம் பேச வேண்டும். ஹெர்ரிங் மீன் பருவத்தில் ஸ்கோனே கரைக்கு உப்புக் கப்பல் வராவிட்டால் மீன் அழுகும். லூபெக் நகரின் வருமானம் நேரடியாக அடிவாங்கும். ஹான்சா நகரங்கள் 1395இல் நடுவர்களாக வந்து நின்றதற்கு அதுதான் காரணம். அவர்களுக்கு யார் மன்னர் என்பதைவிடக் கடல் திறந்திருப்பது முக்கியம்.

தென்கரை வாசகன்

ஆல்பிரெக்ட், மார்கரெட்டைக் 'காற்சட்டை இல்லாத மன்னர்' என்று கேலி செய்து, ஊசி தீட்டிக்கொள்ளச் சாணைக்கல் அனுப்பினார் என்றும், பிடிபட்டபின் மார்கரெட் அவர் தலையில் நீண்ட வால் வைத்த கோமாளித் தொப்பியை மாட்டினார் என்றும் படித்திருக்கிறேன். இது உண்மையா?

மலையருவி

பிற்கால வரலாற்றுப் பாடல்களிலும் மக்கள் வாய்மொழியிலும் வளர்ந்த கதைகள் அவை. நடந்ததற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு பெண் படை திரட்டி ஒரு மன்னரைச் சிறைப்பிடித்ததை அந்தக் காலத்து மனம் எப்படி வாங்கிக்கொண்டது என்பதை அவை காட்டுகின்றன. ஊசியும் தையலும் இல்லாமல் அவரைப் பற்றிப் பேச அவர்களுக்குத் தெரியவில்லை.

அவர் உண்மையில் செய்தது இதைவிடச் சுவையானது. மார்கரெட் இளைய மகள். அக்கா இங்கெபோர்க், மெக்லென்பர்க்கில் வாழ்க்கைப்பட்டவர். 1371இலேயே, தனக்குப் பின் அக்கா மகன் ஆல்பிரெக்டுக்கு டென்மார்க் என்று வால்டெமார் ஒப்புக்கொண்டிருந்தார். (எத்தனை ஆல்பிரெக்ட்கள் என்று குழம்ப வேண்டாம், இவர் ஸ்வீடன் மன்னரின் அண்ணன் மகன்.) 1375 அக்டோபரில் வால்டெமார் கண்மூடினார். பேரரசரே மெக்லென்பர்க் பக்கம். ஆனால் மார்கரெட் டென்மார்க் மன்றத்தை (பிரபுக்களின் அவை) தன் பக்கம் இழுத்து, 1376இல் தன் ஐந்து வயது மகன் ஒலாஃபை மன்னராக்கிவிட்டார். 1387இல் ஒலாஃப் இறந்துபோனான். மகனை இழந்த நிலையிலும் மூன்று நாட்டுப் பிரபுக்களையும் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வாரிசைத் தேடினார். எங்கே தேடினார் தெரியுமா? அதே அக்காவின் குடும்பத்தில். அக்கா மகள் மரியா, பொமரேனியக் கோமகன் வார்டிஸ்லாவின் மனைவி. அவர்களுடைய மகன் போகிஸ்லாவ். அந்தச் சிறுவனைத் தத்தெடுத்து எரிக் என்று பெயர் மாற்றினார். யாருடைய உரிமையை 1376இல் தட்டிவிட்டாரோ, அந்த அக்காவின் வழியையே அரியணைக்குக் கொண்டுவந்தார். மெக்லென்பர்க் பெயர் இல்லாமல், அதன் உரிமையை மட்டும்.

1397 ஜூன் 17, கால்மர் நகரில் எரிக்குக்கு முடிசூட்டு விழா.

ஏட்டுச்சுவடி

கால்மர் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே இரண்டு ஆவணங்கள் உருவாயின. முடிசூட்டு ஆவணம் தோலில் எழுதப்பட்டு, 67 பேரின் முத்திரைகளோடு முறைப்படி இருக்கிறது. மூன்று நாடுகளும் இனி என்றென்றும் ஒரே மன்னரின் கீழ் என்று சொல்லும் ஒன்றிய ஆவணமோ வெறும் காகிதத்தில் இருக்கிறது. 17 பேர் பெயர் அதில் உண்டு. முத்திரை வைத்தவர்கள் பத்துப் பேர்தாம். தோலில் முறையாக எழுதி முத்திரை தொங்கவிட வேண்டும் என்று அந்தக் காகிதத்திலேயே எழுதியிருக்கிறது. அப்படி ஒரு பிரதி கிடைக்கவே இல்லை. அது சட்டப்படி செல்லுமா, வெறும் வரைவா என்று அறிஞர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள். என் கருத்து, மார்கரெட்டுக்கு அது முழுமையாகத் தேவைப்படவில்லை. மன்னருக்கு வரம்பு கட்டும் விதிகள் அதில் இருந்தன. முடிசூட்டு ஆவணம் அவருக்குப் போதும்.

மருதத்துறை

எரிக்கின் முடிவைப் பார்த்தால் கலங்கரையின் கட்சிக்கு இன்னொரு சான்று கிடைக்கிறது. இது அதிகம் பேசப்படாதது.

எரிக்குக்குப் பிள்ளை இல்லை. மனைவி ஃபிலிப்பா, இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றியின் மகள், குழந்தையில்லாமல் இறந்தார். டென்மார்க்கின் தென் எல்லையில் உள்ள ஷ்லெஸ்விக்குக்காக, அதற்குத் தெற்கே இருந்த ஹோல்ஸ்டைனோடு நீண்ட போர், அதனால் வரிச்சுமை. 1434இல் ஸ்வீடனில் எங்கெல்பிரெக்ட் தலைமையில் சுரங்கப் பகுதி மக்கள் எழுந்தார்கள். இந்த நெருக்கடியில் எரிக் ஒரு கோரிக்கையை வைத்தார்: எனக்குப் பின் என் சித்தப்பா மகன், பொமரேனியா போகிஸ்லாவை மன்னராக ஏற்றுக்கொள்ளுங்கள். டென்மார்க் மன்றம் மறுத்துவிட்டது. அந்தப் போகிஸ்லாவ் எரிக்கின் தந்தைவழி உறவு. டென்மார்க் அரச இரத்தம் அவர் உடலில் இல்லை.

1439இல் எரிக்கை நீக்கிவிட்டு யாரை அழைத்தார்கள்? பவேரியாவிலிருந்து கிறிஸ்டோஃபரை. அவர் எரிக்கின் தங்கை காதரீனாவின் மகன். அதாவது வால்டெமாரின் மகள் இங்கெபோர்க், அவர் மகள் மரியா, அவர் மகள் காதரீனா, அவர் மகன் கிறிஸ்டோஃபர். மூன்று தலைமுறைப் பெண்கள் வழியாக வந்த உரிமை, கண்ணெதிரே நிற்கும் தந்தைவழி உறவை வென்றது. பணமும் படையும் மட்டுமே கணக்கு என்றால், பால்டிக் கரையிலேயே நிலமும் துறைமுகமும் வைத்திருந்த பொமரேனியாவை விட்டுவிட்டு, கடலையே காணாத பவேரியாவுக்கு ஏன் போக வேண்டும்?

ஏட்டுச்சுவடி

நல்ல கேள்வி. விடை என் பக்கம்தான் இருக்கிறது. கிறிஸ்டோஃபரிடம் படையும் இல்லை, பக்கத்தில் நிலமும் இல்லை. மன்றத்துக்கு அதுதான் வேண்டும். தன் கோட்டைகளில் தன் ஊர் ஆட்களை அமர்த்திக்கொள்ளும் மன்னரை அவர்கள் இரண்டு முறை பார்த்துவிட்டார்கள். இரத்த உரிமை, தங்களுக்கு வசதியான ஆளைத் தேர்வதற்கு அவர்கள் காட்டிய நியாயம்.

தென்கரை வாசகன்

அப்படியானால் உள்ளூர்ப் பிரபு ஒருவரையே மன்னராக்கியிருக்கலாமே? எதற்காகக் கடல் கடந்து ஆள் தேட வேண்டும்?

நாவாய்

ஸ்வீடன் அதையும் செய்து பார்த்தது. 1448 ஜனவரியில் கிறிஸ்டோஃபர் பிள்ளையில்லாமல் இறந்ததும், ஸ்வீடன் பிரபு கார்ல் குனூட்சனை மன்னராக்கினார்கள். 1457இல் துரத்தினார்கள். 1464இல் திரும்ப அழைத்து அடுத்த ஆண்டே இறக்கினார்கள். 1467இல் மூன்றாவது முறையாக ஏற்றினார்கள். 1470இல் இறக்கும்வரை இருந்தார். நேற்று வரை தன்னோடு மன்றத்தில் சரிசமமாக அமர்ந்திருந்தவன் இன்று தலைக்கு மேல் அமர்வதை மற்றக் குடும்பங்கள் பொறுக்கவில்லை. பங்காளிச் சண்டையில் வெளியூர்க்காரர் நாட்டாமையாக வருவது போலத்தான்: யாருக்கும் நெருங்கிய சொந்தம் இல்லை, அதனால் எல்லோருக்கும் ஒப்பு.

கலங்கரை

நாவாய் சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. வெளியூர்க்காரர் வேண்டும், ஆனால் முற்றிலும் அந்நியர் கூடாது. அந்த இடைவெளியை நிரப்பியது கல்யாண உறவு.

இந்த வழக்கம் மெக்லென்பர்க்கோடு தொடங்கியதும் அல்ல. 1042இல் சாக்சனியின் பில்லுங் குடும்பத்து ஓர்டுல்ஃப், நார்வே மன்னர் புனித ஒலாஃபின் மகள் வுல்ஃப்ஹில்டை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த மாக்னுஸ் 1106இல் இறந்தபோது ஆண் வாரிசு இல்லை. இரண்டு மகள்கள். ஒருவர் வெல்ஃப் குடும்பத்துக்கும் மற்றவர் அஸ்கானியக் குடும்பத்துக்கும் போனார்கள். அடுத்த தலைமுறைகளில் சாக்சனிக்காக மோதிக்கொண்ட சிங்க ஹைன்ரிக்கும் கரடி ஆல்பிரெக்ட்டும் இந்த இரு சகோதரிகளின் வழி வந்தவர்கள். இருவர் உடலிலும் ஓடியது நார்வே புனிதரின் இரத்தம். சிங்க ஹைன்ரிக் தன் மகள் கெர்ட்ரூடை டென்மார்க் மன்னர் ஆறாம் குனூட்டுக்குக் கொடுத்தார். மகன் வில்ஹெல்முக்கு அந்த மன்னரின் தங்கை ஹெலேனாவை எடுத்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஹெலேனாவின் மகன் ஓட்டோ, 1227இல் போர்ன்ஹோவெட் போரில் தாய்மாமன் இரண்டாம் வால்டெமாருக்காக வாள் எடுத்துப் பிடிபட்டார். பிரவுன்ஷ்வைக்-லூனெபர்க்கின் முதல் கோமகன் இவர்தான். ஆல்பிரெக்ட் தாய்மாமனைச் சிறையில் வைத்தார். ஓட்டோ தாய்மாமனுக்காகச் சிறை போனார்.

அகழி

இத்தனை நேரம் ஹோல்ஸ்டைன் கவுன்ட்களை ஓரமாக நிறுத்திவிட்டீர்கள். அவர்கள் இல்லாமல் இந்தக் கதைக்கு முடிவில்லை.

1332 முதல் 1340 வரை டென்மார்க்குக்கு மன்னரே கிடையாது. நாடு முழுவதும் அடகில் இருந்தது. யூட்லாந்தும் ஃபூனும் ஹோல்ஸ்டைன் கவுன்ட் மூன்றாம் கெர்ஹார்டிடம். கிழக்குப் பகுதிகள் அவருடைய உறவினர் யோஹானிடம். யோஹான் ஸ்கோனே மீதான அடகு உரிமையை 1332இல் 34,000 மார்க் வெள்ளிக்கு மாக்னுஸ் எரிக்சனிடம் விற்றார். ஒரு நாட்டைத் துண்டு துண்டாக, கடன் பத்திரமாகக் கைமாற்றினார்கள். 1340 ஏப்ரல் 1ஆம் தேதி ராண்டர்ஸ் நகரில் கெர்ஹார்டை நீல்ஸ் எப்பெசன் என்ற யூட்லாந்துப் பிரபு ஆட்களோடு புகுந்து கொன்றார். அதன்பிறகு வந்த நான்காம் வால்டெமார்தான் கடனை அடைத்து நாட்டை மீட்டார். அதற்குப் பணம் வேண்டி எஸ்தோனியாவையே 19,000 மார்க்குக்கு டியூட்டானிக் வீரசபைக்கு விற்றார்.

ஏட்டுச்சுவடி, இரத்தமா வெள்ளியா என்று நீங்களும் கலங்கரையும் எதிரெதிராக நிற்கிறீர்கள். கெர்ஹார்டின் வம்சத்தைப் பாருங்கள். அவர் மனைவி சோஃபியா, வெர்லே குடும்பத்துப் பெண். டென்மார்க் மன்னர் ஐந்தாம் எரிக்கின் மகள்வழிப் பேத்தி. அவர்கள் மகன் ஹைன்ரிக், அவர் மகன் ஆறாம் கெர்ஹார்ட், அவர் மகள் ஹைல்விக். ஹைல்விக் ஓல்டன்பர்க் கவுன்ட் டீட்ரிக்கை மணந்தார். அவர்கள் மகன் கிறிஸ்டியான். 1448இல் டென்மார்க் மன்றம் முதலில் அணுகியது ஹைல்விக்கின் தம்பி, ஷ்லெஸ்விக் கோமகன் அடோல்ஃபை. அவர் தமக்கு வேண்டாம், அக்காள் மகனை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படி வந்தவர் முதலாம் கிறிஸ்டியான். நாட்டை அடகு பிடித்தவரின் பேரனுடைய பேரன் அதே நாட்டுக்கு மன்னரானார். அடகு பிடித்த கைதான் பெண் கொடுத்துப் பெண் எடுத்த கையும். இரண்டையும் பிரிக்க முடியாது.

கிறிஸ்டியான் 1449இல் மணந்தது முந்தைய மன்னர் கிறிஸ்டோஃபரின் விதவை டோரத்தேயாவை. 1459இல் அடோல்ஃப் பிள்ளையில்லாமல் இறந்தார். 1460இல் ரீபே நகரில் ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பிரபுக்கள் கிறிஸ்டியானையே ஆட்சியாளராகத் தேர்ந்தெடுத்தார்கள், இரு நிலங்களும் என்றும் பிரியாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 19ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கும் பிரஷ்யாவும் போரிட்டபோது ஜெர்மன் தரப்பு எடுத்து வீசிய வாக்கியம் அது.

தென்கரை வாசகன்

தரங்கம்பாடியில் 1620இல் கோட்டை கட்ட ஆள் அனுப்பிய நான்காம் கிறிஸ்டியான் இந்த ஓல்டன்பர்க் வம்சம்தானா?

அகழி

ஆம், நேர் வழி. முதலாம் கிறிஸ்டியானின் மகன் முதலாம் ஃபிரெடெரிக், பிறகு மூன்றாம் கிறிஸ்டியான், இரண்டாம் ஃபிரெடெரிக், நான்காம் கிறிஸ்டியான்.

மலையருவி

அகழி ஐயா, கிறிஸ்டியானும் அடகு வைப்பதில் முன்னோருக்குச் சளைத்தவர் அல்லர். மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கொடுத்தபோது சீதனம் 60,000 ஃபுளோரின் என்று பேச்சு. கையில் பணம் இல்லை. 1468இல் ஆர்க்னி தீவுகளை 50,000க்கு அடகு வைத்தார். மீதிப் பத்தாயிரத்தில் இரண்டாயிரம்தான் புரட்ட முடிந்தது. எட்டாயிரத்துக்கு அடுத்த ஆண்டு ஷெட்லாந்து தீவுகளும் போயின. இரண்டும் நார்வேயின் நிலங்கள். நார்வே மன்றத்தைக் கேட்டுச் செய்ததாகவும் தெரியவில்லை. ஒரு மகளின் சீதனத்துக்காகப் போன தீவுகள் இன்றுவரை ஸ்காட்லாந்தில் இருக்கின்றன.

தென்கரை வாசகன்

கடைசியாக ஒன்று. மெக்லென்பர்க் குடும்பம் என்ன ஆனது? ஆல்பிரெக்டோடு ஸ்வீடன் தொடர்பு அறுந்துவிட்டதா?

கலங்கரை

ஆல்பிரெக்ட் ஊர் திரும்பி, 1405இல் ஸ்வீடன் உரிமையை முறைப்படி கைவிட்டு, 1412இல் இறந்தார். டோபெரான் மடாலயத் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. மேலே அவரும் முதல் மனைவி ரிஷார்டிஸும் அருகருகே படுத்திருக்கும் உருவங்கள். ரிஷார்டிஸ் புதைக்கப்பட்டது 1377இல் ஸ்டாக்ஹோமில். ஆல்பிரெக்ட் தன் முத்திரையில் வைத்த மூன்று மணிமுடிகள் இன்றும் ஸ்வீடனின் சின்னம்.

குடும்பம் 1918 வரை மெக்லென்பர்க்கை ஆண்டது.

நாவாய்

தொடர்பு அறவில்லை. 1648இல் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையில் விஸ்மார் துறைமுகம் ஸ்வீடனுக்குப் போனது. 1803இல் ஸ்வீடன் அதை 12,50,000 ரிக்ஸ்தாலருக்கு, நூறு ஆண்டுக் கெடுவோடு, மெக்லென்பர்க்-ஷ்வெரினிடம் அடகு வைத்தது. 1903இல் கெடு வந்தபோது, மீட்கும் உரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது.